வாயால் சொன்ன எடை

வாண்டு விழுந்தபோது அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிள்ளையைக் கைமாற்றிக்கொள்வது அவள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான். பிரிந்து எட்டு மாதமாக இதுவே ஏற்பாடு. வாரத்தில் பாதி அம்மாவிடம், பாதி அப்பாவிடம். அவள் பையை நீட்டுவாள், அவன் வாங்கிக்கொள்வான். "எப்படி இருக்க?" என்பான். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அன்று யாரோ தரையைத் துடைத்து ஈரம் காயாமல் விட்டுப் போயிருந்தார்கள். அம்மாவின் கையை உதறிவிட்டு அப்பாவை நோக்கி ஓடிய ஐந்து வயதுக் கால் வழுக்கியது. பின்மண்டை படியின் விளிம்பில் மோதியது.

மற்ற பிள்ளைகளுக்கு என்றால் ஒரு புடைப்பு, ஒரு அழுகை, ஒரு மிட்டாயோடு போயிருக்கும். வாண்டுவுக்கு ஹீமோஃபீலியா. அவன் ரத்தத்தில் உறையச் செய்யும் பொருள் ஒன்று அநேகமாக இல்லவே இல்லை. அதை மருந்தாக ஊசியில் ஏற்ற வேண்டும். ஃபேக்டர் என்பார்கள். முட்டி வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், ஐஸ் வைக்கலாம். மண்டைக்குள் கசிந்தால் தெரியாது. தெரிய வரும்போது நேரம் கடந்திருக்கும். வீட்டில் வைத்திருந்த ஃபேக்டர் இரண்டு நாள் முன்பு முட்டி வீங்கியபோது தீர்ந்துபோயிருந்தது. நாளைக்குத்தான் கிளினிக் திறக்கும்.

கணவனின் அக்கா, அவளுக்கு அண்ணி, கார் ஓட்டினாள். தம்பியோடு துணைக்கு வந்தவள். பின் இருக்கையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள். முன்னால் அவன், உடம்பை முழுக்கப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு.

"வாந்தி வருதா?" அண்ணி கண்ணாடி வழியாகக் கேட்டாள்.

"இன்னும் இல்ல அண்ணி."

"தூங்க விடாதே."

"தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். இந்த வாய் சும்மா இருந்தாத்தானே."

"நான் குதிக்கல," என்றான் வாண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. "தரைதான் வழுக்குச்சு."

"ஆமாண்டா ராஜா. தரைக்குத்தான் அடி விழணும்," என்றான் அப்பா. அவன் குரல் எங்கோ உடைந்திருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. அண்ணி முனகிக்கொண்டே ஸ்டியரிங்கை விரல்களால் தட்டினாள். முன்னால் நின்ற வண்டிக்காரன் சாவகாசமாகக் காது குடைந்துகொண்டிருந்தான். பிள்ளையின் அம்மாவுக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் பிள்ளையின் தலை குலுங்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அப்போது அவள் செய்யக்கூடிய ஒரே உதவி. அதைப்போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி திரும்பும்போது வாண்டு அவள் தோளில் வாந்தி எடுத்தான்.

அவசரப் பிரிவு டாக்டரை அங்கே எல்லோரும் 'மறுபடி' என்றுதான் குறிப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் "மறுபடி சொல்லுங்க" என்பது அந்த அம்மாளின் வழக்கம். மருந்தின் அளவை ஒருவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். அவர் ஹீமோஃபீலியா என்ற சொல்லைக் கேட்டதுமே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"முதல்ல ஃபேக்டர். ஸ்கேன் அப்புறம். சிஸ்டர், வெயிட் பாருங்க."

"எப்பவும் மூணு பாட்டில் போடுவாங்க டாக்டர்," என்றான் கணவன்.

"எத்தனை யூனிட் பாட்டில்?"

அவன் விரல்களால் பாட்டிலின் உயரத்தைக் காட்டினான்.

"பாட்டில் சின்னதும் இருக்கு, பெருசும் இருக்கு. முட்டிக்குப் போடற அளவு வேற, தலைக்குப் போடற அளவு வேற. பையன் எத்தனை கிலோன்னு தெரிஞ்சாத்தான் கணக்கு போட முடியும்."

"இருபது கிலோ இருப்பான். தெனம் தூக்கறேனே, தெரியாதா? நான் லிஃப்ட் மெக்கானிக்."

"உங்க லிஃப்ட்ல எட்டு பேர் ஏறலாம்னு போட்டிருக்கே, எட்டு பேரையும் நிறுத்தியா பாத்தீங்க?" என்றார் சிஸ்டர், கையுறையை மாட்டிக்கொண்டே. "அதைப் பாருங்க."

மருந்து அலமாரிக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: அம்மா சொன்னது, அப்பா சொன்னது, வயதைப் பார்த்து ஊகித்தது எதுவும் எடை ஆகாது. மெஷின் சொல்வதே எடை. இது டாக்டரின் கைவேலை. முன்பெல்லாம் ஃபேக்டரை ஊகத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் குறைந்துபோகும். அதை மாற்றியே தீருவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றது அந்தப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும்.

படுத்தபடியே எடை பார்க்கும் கட்டில் பழுதுபார்க்கப் போயிருந்தது. நின்று பார்க்கும் மெஷின் ஓரமாக இருந்தது. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்த பிள்ளையைத் தனியே நிறுத்த முடியாது.

"நீங்க தூக்கிட்டே ஏறுங்கம்மா. உங்க வெயிட்டைக் கழிச்சிக்கலாம்."

ஏறினாள்.

"அறுபத்தெட்டு," என்றார் சிஸ்டர். "இப்ப பையனை இப்படிக் கொடுங்க."

வாண்டு கொடுக்கவிடவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். அழுதால் தலைக்குள் அழுத்தம் கூடும் என்று டாக்டரே கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரி சரி, விடுங்க. உங்க வெயிட் தெரியுமாம்மா?"

சாதாரணக் கேள்வி. கேட்டவருக்குச் சாதாரணம்.

கணவன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் அண்ணி. எட்டு மாதத்துக்கு முன்பு, வாண்டுவின் முட்டி மூன்றாம் முறையாக வீங்கிய வாரத்தில், தூக்கமில்லாத ஒரு காலையில் அவன் ஒரு வாக்கியம் சொன்னான். "உன் வழியாதானே இது வந்துச்சு." டாக்டர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள், மரபணு படம் எல்லாம் வரைந்து. ஆனால் அவர்கள் சொன்னது தகவல். இவன் சொன்னது வேறு. அன்று மாலையே அவள் பெட்டியைக் கட்டினாள். அப்போது அவள் ஐம்பத்தெட்டு கிலோ.

அதற்குப் பிறகு சாப்பாடு தொண்டைக்குள் இறங்க மறுத்தது. பிள்ளை இருக்கும் நாட்களில் அவனோடு உட்கார்ந்து நாலு வாய். இல்லாத நாட்களில் டீ. இது யாருக்கும் தெரியாது. அவள் வேலை பார்ப்பது துணிகளைப் பிரித்துச் சரிசெய்யும் கடையில். தன் உடைகளையும் மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டாள். ஆடை தொளதொளத்தால்தானே ஆள் இளைத்தது தெரியும்?

"நல்லா இருக்கேன்" என்று அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் சொன்ன வாய், இப்போது அவன் காதுபட வேறு ஒன்றைச் சொல்ல மறுத்தது. அவன் அறிந்த எண்ணிலிருந்து நம்பும்படியாகக் கொஞ்சம் குறைத்து, "ஐம்பத்தி நாலு" என்றாள்.

"அறுபத்தெட்டுல ஐம்பத்தி நாலு போனா பதினாலு."

"மறுபடி."

"பதினாலு கிலோ டாக்டர்."

"பதினாலு. கிலோவுக்கு ஐம்பது யூனிட். எழுநூறு. இருநூத்தி ஐம்பது பாட்டில் மூணு எடுங்க." டாக்டரின் பேனா ஒரு கணம் நின்றது. "அஞ்சு வயசுக்குப் பதினாலுன்னா குறைச்சலா இருக்கே. இளைச்சிட்டானா?"

"பதினாலா?" கணவன் அவள் பக்கம் திரும்பினான். "போன வருஷமே பதினாறு இருந்தான். என்னத்தப் போட்டு வளக்கற அவனை?"

"ஒழுங்கா சாப்பிடறானான்னு நானும்தான் வாராவாரம் கேட்டேன்," என்றாள் அண்ணி. "வட்டிலை வழிச்சு வழிச்சுத் திங்கறான்னு சொன்னியே. எங்க போச்சு அதெல்லாம்?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பாதி வாரம் உங்க வீட்டில்தானே இருக்கிறான், அங்கே என்ன விருந்தா நடக்கிறது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் சிஸ்டர் முதல் பாட்டிலில் தண்ணீரை ஏற்றி, குலுக்காமல் உள்ளங்கையில் மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பொடி கரைந்தது. இரண்டாவது பாட்டில். மூன்றாவது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வாரம் வாண்டுவின் கால்சட்டையை அவள்தான் பிரித்து இடுப்பை விட்டுத் தைத்தாள். இறுக்குகிறது என்று அழுதான். வளர்கிற பிள்ளை. பதினாலுக்கு வாய்ப்பே இல்லை. பின் அந்த மீதிக் கிலோ எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. தன் உடம்பில் இல்லாத எடையை அவள் பிள்ளையின் உடம்பிலிருந்து பிடுங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூட்டிச் சொன்ன ஒவ்வொரு கிலோவுக்கும் பிள்ளைக்குச் சேர வேண்டிய மருந்து குறைந்தது. நோய் தன் வழியாக வந்தது, அது அவள் கையில் இல்லை. இது அவள் வாயில் இருந்து வந்தது.

சிஸ்டர் ஊசிக்குள் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். நான் ஐம்பத்தி நாலு இல்ல."

"பின்ன?"

"தெரியாது. குறைவு." கணவனைப் பார்க்காமல் சொன்னாள். "ரொம்பக் குறைவு. நான் சும்மா சொன்னேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். டாக்டர் அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பையனை அப்பாகிட்ட கொடுங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க," என்றார். வாண்டு இந்த முறை அழவில்லை. அப்பாவின் தோளில் துணி மூட்டையைப் போலச் சாய்ந்தான். அழாமல் போனதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

ஏறினாள். எண்கள் ஓடின, தயங்கின, நின்றன.

"நாப்பத்தி ஒம்பது," என்றார் சிஸ்டர்.

"மறுபடி."

"நாப்பத்தி ஒம்பது டாக்டர்."

அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாரும் வெட்கப்பட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப பையன் பத்தொம்போது. இன்னொரு தடவை பாத்துடுவோம். அப்பா, நீங்க தூக்கிட்டு ஏறுங்க." நூற்றி இரண்டு. பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு அவன் தனியே ஏறினான். "எண்பத்தி மூணு. ரெண்டும் ஒத்துப்போகுது. பத்தொம்போதுதான்."

"எண்பத்தி மூணா?" அண்ணிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "எழுபத்தி நாலுதானேடா இருந்த. நான் சமைச்சா வேண்டாம்னு சொல்லிட்டு கடை கடையாத் தின்னா இப்படித்தான். அங்க குறைஞ்சதெல்லாம் இங்க வந்து சேந்திருக்கு."

"அக்கா, பேசாம இரு."

"தொள்ளாயிரத்தி ஐம்பது யூனிட்," என்றார் டாக்டர். "பாட்டிலைப் பாதியில வெச்சு என்ன பண்ணப்போறோம், நாலையும் முழுசாப் போடுங்க. ஆயிரம்."

"ஆயிரம்," என்றார் சிஸ்டர். நாலாவது பாட்டிலைத் திறந்தார்.

வாண்டுவின் கையில் நரம்பு பழகியது. முதல் குத்திலேயே கிடைத்தது. மருந்து மெல்ல மெல்ல உள்ளே போயிற்று. அவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமா என்று அவளுக்குத் தவித்தது. அவள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள், கணவன் மற்றொரு காலை. ஊசி முடிந்ததும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்குப் போய்விட்டார்கள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

நடைபாதையில் மூன்று நாற்காலிகள் இருந்தன. அண்ணி மட்டும் உட்கார்ந்தாள். அவர்கள் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் சந்தித்து, ஒதுங்கி, கடந்து போனார்கள்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கமா நடங்களேன்," என்றாள் அண்ணி. "எனக்குத் தலை சுத்துது."

நாலாவது முறை சந்தித்தபோது அவன் நின்றான்.

"ஏன் பொய் சொன்ன?"

"நீங்க நின்னுட்டு இருந்தீங்க."

"நான் நின்னா?"

"நீங்க நின்னா நான் நல்லா இருக்கணும். அதான்."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. லிஃப்ட் நடுவழியில் நின்றால் எந்த இடத்தில் என்ன பழுது என்று காதால் கேட்டே சொல்லிவிடுவான். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்க வேண்டும்.

"அன்னிக்கி நான் ஒண்ணு சொன்னேன்," என்றான்.

"இப்ப வேண்டாம்."

"இல்ல, நான் சொன்னது..."

"இப்ப வேண்டாங்க. அந்தக் கதவு திறக்கட்டும். இப்ப நீங்க மன்னிப்பு கேட்டா, புள்ளைக்கு ஏதோ ஆகப்போகுதுன்னு எனக்குத் தோணும்."

அவன் இந்த முறை எதிர்ப்பக்கம் போகவில்லை. அவள் நடந்த பக்கமாகவே கூட நடந்தான். அண்ணி பெருமூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் அடக்க முடியாமல் கேட்டான். "ஒம்பது கிலோ. எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

"தைச்சுக்கிட்டேன்."

"என்னது?"

"டிரெஸ்ஸை."

அவன் அவளுடைய இடுப்புப் பக்கத் தையலைப் பார்த்தான். தோளிலிருந்து வழிந்த வாந்திக் கறை காய்ந்துபோயிருந்தது. அதற்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாகப் பழைய தையல் பிரித்த ஊசித்தடங்கள் வரிவரியாக இருந்தன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் சுவரில் முட்டிக்கொண்டான்.

கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். மூவரும் ஒரே நேரத்தில் அவரை நெருங்கியதில் அவர் ஓர் அடி பின்னால் போக வேண்டியிருந்தது.

"சின்னதா ஒரு கசிவு இருக்கு. மண்டையோட்டுக்குக் கீழ, ஓரமா. மூளையை அழுத்தல. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். மருந்து உள்ள இருக்கறதால பெருசாகாதுன்னு நம்பறேன். எட்டு மணி நேரத்துல திரும்ப ஒரு டோஸ், காலையில திரும்ப ஸ்கேன்."

"குறைவாப் போட்டிருந்தா?" அவள் கேட்டாள்.

"போடலியே."

"இல்ல டாக்டர், நான் சொன்ன மாதிரியே..."

"போடலம்மா." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு உங்களோடது மட்டும் இல்ல. குழந்தையோட வெயிட்டை வாய்வழியா வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு ஒட்டினது நான். அம்மாவோட வெயிட்டை மட்டும் வாய்வழியா வாங்கிட்டேன். அதுவும் அதே வெயிட்தானே? இனிமே யார் தூக்கிட்டு வந்தாலும் மெஷின் மேல ஏத்திடறேன். அதிகாரியா இருந்தாலும் சரி."

வார்டில் ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார் சிஸ்டர். விதி. பேசிப் பயனில்லை.

"நான் இருக்கேன்," என்றார்கள் இருவரும்.

வாண்டு கட்டிலில் இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண் தெளிந்திருந்தது. "பசிக்குது," என்றான். இப்போது எதுவும் தரக் கூடாது என்று சிஸ்டர் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் கோபம் அவளுக்கு இனித்தது. கோபப்படுகிற பிள்ளை நல்லாயிருக்கிற பிள்ளை.

எட்டு மாதமாக இப்படிப்பட்ட ராத்திரிகளை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வாண்டு அப்பாவிடம் இருக்கும் நாளில் ஊசி போட நேர்ந்தால்கூட ஆட்டோ பிடித்துப் போய் நின்றுவிடுவாள். தன் வழியாக வந்ததைத் தானே சுமக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. இன்றைக்கும் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை தானாக இறுகியது. காலைவரை ஒரு குழந்தையைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பெயர் கேட்க வேண்டும். மெஷின் சொன்ன நாற்பத்தொன்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கையை எடுத்தாள்.

"நீங்க இருங்க," என்றாள். "அடுத்த டோஸுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். எழுப்பும்போது கண்ணைத் திறந்தான்னா மட்டும் போதாது, பேசணும். சரியாப் பேசணும்."

"பேசலன்னா?"

"கத்துங்க. உங்களுக்குத்தான் நல்லா கத்த வருமே."

அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் கூட்டம் இல்லை. அண்ணி அவளை மூலை மேஜையில் உட்கார வைத்துவிட்டு, எதையும் கேட்காமல் இரண்டு தட்டு நிறைய வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டையும் அவள் முன்னாலேயே வைத்தாள்.

"உங்களுக்கு அண்ணி?"

"எனக்கு எதுக்கு? என்னை யாரும் மெஷின்ல ஏத்தல. சாப்பிடு."

"ரெண்டு தட்டா?"

"ஒண்ணு உனக்கு. ஒண்ணு நான் பேசினதுக்கு." அண்ணி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள், திரும்ப நகர்த்தினாள். "எங்க போச்சு எங்க போச்சுன்னு கேட்டேனே அங்க. வாய் என் வாய். அதுக்கு முன்யோசனையே கிடையாது."

முதல் வாய் தொண்டையில் வழக்கம்போல நின்றது. அவள் தண்ணீர் குடித்தாள். இரண்டாவது இறங்கியது. மூன்றாவது வாய் எடுத்தபோது மேஜைமேல் இருந்த போன் அதிர்ந்தது. கணவனின் எண்.

அண்ணி பாதி எழுந்துவிட்டாள். அவள் போனைப் பறித்து எடுத்தாள்.

"என்ன ஆச்சு?" என்றாள், வாயில் இருப்பதை விழுங்காமலேயே.

"ஒண்ணும் ஆகல. எழுப்பினேன். பேசினான். தரைக்கு அடி கொடுத்தாச்சான்னு கேட்டான்." மறுமுனையில் அவன் தயங்கினான். "நீ சாப்பிடறியான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

கோபம் வர வேண்டிய இடம்தான். இப்படியா பயமுறுத்துவது என்று ஒரு பாட்டம் திட்டியிருக்கலாம்.

"வாய் நிறைய இருக்கு," என்றாள். "அப்புறம் பேசறேன்."